நுரைதானே என்று நீட்டும் கோப்பை



போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய மாணவி ஒருத்தி பெங்களூரிலிருந்து போன் செய்தாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். முகூர்த்தம் ஆலங்காயத்தில், ரிசப்ஷன் பெங்களூரில். பத்திரிகை கொடுக்க எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி இன்னொன்றும் கேட்டாள்.

"சார், திட்டக் கூடாது. ரிசப்ஷன்ல ஷாம்பெயின் மாதிரி ஏதாவது வைக்கலாம்னு ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. எது வாங்கலாம்னு ஒண்ணும் புரியல. அப்புறம் வீட்டுல தினமும் சாப்பாட்டோட ஒரு கிளாஸ் குடிக்கிற மாதிரி லைட்டா ஒண்ணு இருக்காமே? நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார், உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?"

நான் திட்டவில்லை. சிரிப்புத்தான் வந்தது. முப்பத்தோரு வருஷம் பாடம் நடத்தியதில் இப்படி ஒரு சந்தேகத்தை யாரும் கேட்டதில்லை. போனில் பாதிதான் சொன்னேன். பாக்கியை இங்கே எழுதுகிறேன். அவளுக்கு மட்டும் இல்லை, இந்த வருஷம் வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிற எல்லோருக்கும்.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில். கேள்வியைப் பிடிக்கவில்லை என்பதற்காகப் பதில் சொல்லாமல் போகிறவன் வாத்தியார் இல்லை.

இட்லி மாவு இரவில் பொங்குவதைப் பார்த்திருக்கிறீர்கள். மாவில் இருக்கும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று வாயுவை வெளியே விடுகின்றன. திராட்சைச் சாற்றில் ஈஸ்ட் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் தருகிறது. சாதாரண ஒயினில் அந்த வாயு காற்றோடு போய்விடும். ஷாம்பெயினில் அதைப் போக விடுவதில்லை. தயாரான ஒயினில் இன்னும் கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, பாட்டிலிலேயே அடைத்து, இரண்டாம் முறை புளிக்க விடுகிறார்கள். வாயுவுக்கு வெளியேற வழி இல்லாததால் ஒயினிலேயே கரைந்து நிற்கிறது. அந்த பாட்டிலுக்குள் அழுத்தம் ஐந்து, ஆறு வளிமண்டலம் வரை இருக்கும். கார் டயரில் அடிக்கிற காற்றைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால்தான் அந்தக் கனமான பாட்டில், கார்க்கைக் கட்டிப் பிடிக்கும் கம்பி எல்லாம். திறக்கும்போது யார் முகத்துக்கும் நேரே பிடிக்காதீர்கள். கார்க் பட்டால் கண்ணே போய்விடும்.

பிரான்ஸில் ஷாம்பெயின் என்கிற பகுதியில் செய்ததற்கு மட்டுமே அந்தப் பெயர். ஸ்பெயினில் அதே முறையில் செய்வது காவா. இத்தாலியின் புரோசெக்கோவைப் பெரும்பாலும் பாட்டிலில் இல்லாமல் பெரிய தொட்டியில் புளிக்க வைக்கிறார்கள். அதனால் விலை குறைவு, பழ வாசனை கூடுதல். நம் நாட்டில் மகாராஷ்டிராவின் நாசிக் பக்கம் சுலாவும் ஷாண்டனும் செய்கிறார்கள். லேபிளில் 'புரூட்' என்று இருந்தால் இனிப்பு குறைவு, லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரைக்குள். 'எக்ஸ்ட்ரா டிரை' என்று போட்டிருந்தால் இனிப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது புரூட்டைவிட இனிப்பு, 12 முதல் 17 கிராம் வரை. 'டெமி செக்' என்றால் 32 முதல் 50 கிராம். காரமான சாப்பாட்டுக்கு லேசான இனிப்பு ஒத்துப்போகும், கேக்கோடு புரூட் குடித்தால் புளிக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நான் குடித்துப் பார்த்ததில்லை. படித்ததைச் சொல்கிறேன்.

எதை வாங்கினாலும் ஆல்கஹால் சுமார் 12 சதவீதம். 750 மில்லி பாட்டிலில் 90 மில்லி சுத்த ஆல்கஹால். 150 மில்லி கோப்பையில் 18 மில்லி. பெரிய பீர் பாட்டிலில் பாதியைக் குடித்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் உள்ளே போகும். 'லைட்' என்பது நாக்குக்குத்தான். கல்லீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கேட்டதற்குப் பதில் முடிந்தது. இனி என் அபிப்பிராயம்.

முதலில் 'தினமும்' என்ற சொல். தினமும் குடிக்க நல்ல நுரை ஒயின் எது என்று கேட்டால், அப்படி ஒன்று இல்லை என்பதுதான் என் பதில். உடம்புக் காரணம் ஒன்று. ஆல்கஹாலில் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஒரு கிளாஸ் ஒயின் இதயத்துக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இதையும் சேர்த்து அனுப்பினால் நல்லது.

இன்னொரு காரணத்தை நான் இருக்கும் ஊர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. ரிட்டயர் ஆன பிறகு காவலூரிலேயே தங்கிவிட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டு வாசலில் நின்றால் வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் கூண்டு மரங்களுக்கு மேலே தெரியும். ஊர் ஊராகத் தேடிய வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு இங்கே இருக்கும் ஏதோ ஒன்று காரணம் இல்லை. இங்கே இல்லாத ஒன்றுதான் காரணம். நகரத்து விளக்கு வெளிச்சம் இங்கே கிடையாது. 1977 மார்ச் 10 அன்று ஒரு நட்சத்திரத்தின் முன்னால் யுரேனஸ் கடந்து போனது. அந்த நட்சத்திரத்தின் ஒளி சில நொடிகள் மங்கி மங்கித் தெளிந்ததை வைத்துத்தான் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது உலகத்துக்குத் தெரிய வந்தது. அந்த ஒளி மங்கல் இங்கே காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியிலும் பதிவானது. வானம் இருட்டாக இருந்தால்தான் அவ்வளவு நுணுக்கம் தெரியும். தெருவெல்லாம் டியூப் லைட் எரிந்தால் முழு நிலவைத் தவிர வேறு எது கண்ணில் படும்?

விசேஷமும் அப்படித்தான். தினமும் நுரை பொங்கினால் கல்யாணத்தன்று பொங்குகிற நுரைக்கு என்ன மரியாதை? என் சின்ன வயதில் வருஷத்துக்கு இரண்டு முறைதான் கோலி சோடா கிடைக்கும். ஒன்று திருவிழாவில், இன்னொன்று வாணியம்பாடி சந்தைக்கு அப்பா கூட்டிக்கொண்டு போனால். கோலி 'டப்' என்று உள்ளே இறங்குகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இன்றைக்கு என் பேரனுக்குப் பிரிட்ஜைத் திறந்தால் கலர் இருக்கிறது. அந்தச் சத்தத்தால் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அவனுக்குக் கிடைப்பதில்லை.

ஒயினை மட்டும் குறை சொல்லிவிட்டுக் கலரை விட்டுவிட்டால் அது நியாயம் ஆகாது. கோலா பானங்களில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரைக் கணக்கில் புரூட் ஒயினே தேவலை. 300 மில்லி கோலா குடித்தால் 30 கிராமுக்கு மேல் உள்ளே போகிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது அதே உலக சுகாதார நிறுவனம். ஆகவே தினமும் குடிக்க என்றால் மலைக்காரர்கள் குடிக்கிற சாமைக் கூழும் நீர்மோரும் போதும். நுரை எதுவானாலும் விசேஷத்துக்கு மட்டும்.

இப்போது விசேஷத்துக்கு வருவோம். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

என் பெரிய அண்ணனை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். லாரி ஓட்டினார். குடித்தார். பன்னிரண்டு வருஷம் குடித்தார். அண்ணி பட்ட பாட்டை இங்கே எழுதப் போவதில்லை. 1994இல் ஒரு நாள் நிறுத்தினார். யாரும் சொல்லி இல்லை, அவராகவே. நான்கு வருஷம் தொடவில்லை. லாரியை விட்டுவிட்டு ஆலங்காயத்தில் ஒரு டயர் கடை போட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். அந்த நான்கு வருஷம் எங்கள் குடும்பத்துக்கு நல்ல காலம்.

1998இல் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ராத்திரி சாப்பாடு முடிந்து ஆண்கள் மண்டபத்துக்குப் பின்னால் கூடியிருந்தோம். சினிமாவில் பார்த்த மாதிரி ஒருவன் பீர் பாட்டிலைக் குலுக்கித் திறந்தான். நுரை பீறிட்டது. எல்லோரும் கத்தினோம், சிரித்தோம். மாப்பிள்ளையே ஒரு டம்ளரில் ஊற்றி அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"மச்சான், இது சரக்கே இல்ல, வெறும் நுரைதான். ஒரே ஒரு வாய். நான் என் கையால குடுக்கறத வேணாம்னு சொல்லலாமா?"

எல்லோரும் அண்ணனையே பார்த்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நல்ல நாளில் ஏன் ஒரு மனஸ்தாபம் என்று நினைத்தேன். அண்ணன் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் கடை இரண்டு நாள் திறக்கவில்லை. 2001இல் அவர் போய்விட்டார்.

அந்த ராத்திரி அங்கே இருந்த சொந்தக்காரர்கள் இதைப் படிப்பீர்கள். குறை சொல்ல எழுதவில்லை. டம்ளரை நீட்டியவருக்கு அண்ணன்மேல் இருந்தது பாசம்தான். எனக்கும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அங்கே இருந்த யாருக்குமே இல்லை. ஆனாலும் நடந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் இதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கடைசியில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. பாட்டிலில் எவ்வளவு ஆல்கஹால் இருந்தது என்பதைவிட, அந்த டம்ளர் எப்படி வந்தது என்பதுதான் அண்ணனைச் சாய்த்தது. எல்லோருக்கும் பொதுவாக, எல்லோர் முன்னாலும், வாழ்த்துக்காக என்று வந்தது. மறுத்தால் கல்யாணத்தையே மறுத்த மாதிரி ஆகிவிடும்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான்: வாழ்த்துக்காக எல்லோர் கையிலும் கொடுக்கிற கோப்பை, அந்தக் கூடத்தில் ஒருவர்கூட மறுக்க வேண்டியிராத கோப்பையாக இருக்க வேண்டும்.

கூடத்தில் யார் யார் இருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். குடியை நிறுத்தி ஆறு மாதம் ஆன ஒருவர் இருப்பார். அவர் அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். பிள்ளைத்தாய்ச்சி இருப்பாள், ஒருவேளை அவளும் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள். மார்க்கத்தில் விலக்கு உள்ளவர்கள் இருப்பார்கள். வாணியம்பாடியில் படித்த பிள்ளைகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகள் இருப்பார்கள். வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டியவர்கள் இருப்பார்கள். இவர்கள் அத்தனை பேரும் காரணம் சொல்லிக் கொண்டு நிற்க வேண்டுமா, நம் வீட்டு விசேஷத்தில்?

இது ஏதோ மலையில் உட்கார்ந்திருக்கிற கிழவன் சொல்வது என்று நினைக்க வேண்டாம். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2022 ஜனவரியில் ஹோபார்ட்டில் ஆஸ்திரேலியா ஆஷஸ் தொடரை 4-0 என்று முடித்து, மேடையில் ஷாம்பெயினைப் பீய்ச்சிக் கொண்டிருந்தார்கள். உஸ்மான் கவாஜா ஒதுங்கி நின்றார். அதைக் கவனித்த கேப்டன் பாட் கம்மின்ஸ் பாட்டில்களை வைக்கச் சொல்லிவிட்டு, அவரை மேடைக்குக் கூப்பிட்டார். அதன் பிறகுதான் எல்லோரும் சேர்ந்து போட்டோவுக்கு நின்றார்கள். கூடத்தில் யார் ஒதுங்கி நிற்கிறார் என்று பார்க்கிற கண் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். எனக்கு 1998இல் அந்தக் கண் இருந்தது. வாய்தான் இல்லை.

பஹ்ரைனில் நடக்கும் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் ஜெயித்தவர்கள் பீய்ச்சுவது ஷாம்பெயின் இல்லை. பன்னீர் சேர்த்த, மது இல்லாத நுரைப் பானம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர் பன்னீர் சோடாவுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி மாதிரி அல்லவா!

வெளிநாட்டு வழக்கம் என்பதால் எதிர்க்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கோலி சோடா பாட்டிலே வெளிநாட்டுச் சரக்குதான். 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. தலைகீழாகக் கவிழ்த்து வாயுவை ஏற்றினால் கோலி கழுத்துக்கு இறங்கும். நிமிர்த்தினாலும் உள்ளே இருக்கும் வாயுவே கோலியை ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கார்க் வேண்டாம், கம்பி வேண்டாம். உள்ளே அடைபட்டதே தனக்கு மூடி. எட்டாம் வகுப்பில் வாயு அழுத்தம் நடத்தும்போது இதைத்தான் மேஜைமேல் வைப்பேன், ஞாபகம் இருக்கிறதா? ஒருத்தன் கோலியை எடுக்க பாட்டிலையே உடைத்தான். அவன் இப்போது இன்ஜினியர்.

"சார், எங்கள் நண்பர்கள் குடிப்பவர்கள்தான், அவர்கள் விருப்பம் அது" என்று அந்தப் பெண் சொன்னாள். சரிதான். பெரியவர்கள் தனியாக எங்கே என்ன குடிக்கிறார்கள் என்று கணக்கெடுக்க நான் வார்டன் இல்லை. நான் கேட்பது பொதுவில் வைக்கிற கோப்பையைப் பற்றி மட்டும். 2023 ஏப்ரலில் திருமண மண்டபங்களில் மது பரிமாறச் சிறப்பு உரிமம் தரலாம் என்று தமிழக அரசு அறிவித்தபோது எவ்வளவு எதிர்ப்பு கிளம்பியது என்று பார்த்தீர்கள். பிறகு திருமண மண்டபங்களை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். சட்டம் பெங்களூரில் வேறாக இருக்கலாம். என் அண்ணனைப் போன்றவர்கள் பெங்களூரிலும் இருக்கிறார்கள்.

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதிப் பாடம்தான். அதனால் அவளுக்கு நான் சொன்ன பட்டியல் இது.

வாழ்த்துக் கோப்பைக்குப் பன்னீர் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது, 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. சாறு ஒரு பங்கு, நன்றாகக் குளிர்ந்த வெறும் சோடா இரண்டு பங்கு, கொஞ்சம் எலுமிச்சை. 300 பேருக்கு ஆளுக்கு 150 மில்லி என்றால் 45 லிட்டர். அதில் சாறு 15, சோடா 30. சர்க்கரை சேர்க்காதீர்கள். திராட்சையில் இருப்பதே கோப்பைக்கு ஏழெட்டு கிராம் வரும், போதும். சாற்றையும் சோடாவையும் தனித்தனியாக ஐஸில் வைத்து, கொடுக்கும் நேரத்தில் சோடாவைக் கடைசியாக ஊற்றுங்கள். குளிர்ந்த நீரில்தான் வாயு அதிகம் கரைந்து நிற்கும். ஒன்பதாம் வகுப்புப் பாடம். நிறம் அழகாக இருக்கும், நுரையும் வரும். நீளக் கண்ணாடிக் கோப்பையில் கொடுத்தால் உன் ஆபீஸ் நண்பர்களின் போட்டோவுக்கும் குறை இருக்காது.

ஆலங்காயத்தில் முகூர்த்தத்துக்கு வருகிறவர்களுக்குக் கோலி சோடா, பன்னீர் சோடா. பக்கத்தில் சோடா போடுகிறவரிடமே சொல்லி வையுங்கள். அவருக்கும் ஒரு வேலை. மலையிலிருந்து வருகிறவர்களுக்கு நன்னாரி சர்பத்தில் சோடா. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு எலுமிச்சையும் உப்பும் போட்ட வெறும் சோடா. எனக்கும் அதுதான்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், எங்க சித்தப்பாவும் இப்பதான் விட்டிருக்கார். நான் யோசிக்கவே இல்ல" என்றாள். அதற்கு மேல் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளைகளே, அடுத்த கல்யாணத்தில் யாராவது ஒருவர் கோப்பையைப் பார்த்துத் தயங்கி நின்றால், பக்கத்தில் நிற்கிற நீங்கள் வாயைத் திறங்கள். "அவருக்கு வேண்டாம், எனக்கும் வேண்டாம், ரெண்டு சோடா கொடுங்க" என்று சொன்னால் போதும். அவ்வளவு சின்ன வாக்கியம்தான். அன்றைக்கு எனக்கு அது வரவில்லை.

தை கல்யாணத்துக்கு நான் வருகிறேன். மாணவர்கள் எல்லோரும் வாருங்கள். கோலியை யார் முதலில் தட்டி இறக்குகிறார்கள் என்று பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் சார்
காவலூர்